நாய்க்குட்டிதானே என்று எழுதியிருந்தாய்

குன்னூர்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் நேற்று வந்தது. இரண்டு பக்கத்துக்கு மழை, மாடு, வரப்புச் சண்டை என்று எழுதிவிட்டு, கடைசி நாலு வரியில் பேரனை நாய்க்குட்டி கடித்ததை நுழைத்திருக்கிறாய். பள்ளிக்கூடத்திலும் நீ இப்படித்தான். மார்க் குறைந்த பேப்பரை அடியில் வைத்துத்தான் அப்பாவிடம் நீட்டுவாய்.

முதலில் போன கிளினிக்கில் டெட்டனஸுக்கான டிடி ஊசி மட்டும் போட்டு, 'குட்டிதானே, ஒன்றும் ஆகாது' என்று அனுப்பிவிட்டார்கள் என்று படித்ததும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. குட்டி என்றால் வெறிநோய் வராதா? மறுநாள் காலையிலேயே பிடிவாதமாகப் பையனை அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாளே உன் மருமகள், அவளுக்கு அடுத்த தீபாவளிக்கு என் கணக்கில் ஒரு சேலை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். 'கடித்த இடத்திலேயே சுற்றிச் சுற்றிக் குத்தினார்கள், பிள்ளை கதறிவிட்டான், தோளில் போட்டது போதாதா?' என்று கேட்டிருக்கிறாய். போதாதுடா. தோளில் போட்டது தடுப்பூசி. அதைப் பார்த்து உடம்பு தானாக எதிர்ப்புச் சக்தி தயாரிக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுவரை கடிவாயில் காவலுக்கு ஆள் வேண்டாமா? காயத்தைச் சுற்றிப் போட்டது அந்தக் காவல்தான். வேறொரு உடம்பில் ஏற்கெனவே தயாரான எதிர்ப்புப் புரதம் அது, இம்யூனோகுளோபுலின் என்பார்கள். கிருமி எங்கே இறங்கியதோ அங்கேயே நின்றால்தான் அதற்கு வேலை.

மற்ற பல நோய்களுக்குக் கிருமி தொற்றுமுன்தான் தடுப்பூசி. இதற்கோ கடித்த பிறகு போட்டும் பிழைக்கிறோமே, எப்படி என்று யோசித்திருக்கிறாயா? இந்த வைரஸ் ரத்தத்தில் ஏறி ஓடுவதில்லை. கடிபட்ட சதையில் கொஞ்சம் பெருகி, நரம்பு நுனியில் நுழைந்து, நரம்பு வழியாகவே மெல்ல மெல்ல முதுகுத் தண்டுக்கும் மூளைக்கும் போகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும். முகத்தில், கையில் கடித்தால் வழி குறைவு, சீக்கிரம் போய்விடும். மூளைக்குப் போய்விட்டால் அப்புறம் மருத்துவத்தின் கையில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. நமக்கு இருப்பதெல்லாம் அது நடக்கிற அந்த நேரம் மட்டும்தான்.

லூயி பாஸ்டர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி பிடித்ததும் அந்த நேரத்தைத்தான். 1885 ஜூலையில் ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயசுப் பையனைப் பாரிஸுக்குக் கூட்டி வந்தார்கள், உடம்பெல்லாம் நாய்க்கடி. வெறிநோயில் செத்த முயலின் முதுகுத் தண்டைக் கண்ணாடிக் குடுவையில் தொங்கவிட்டு உலர்த்தி, அதை அரைத்த நீரைத்தான் ஊசியாகப் போட்டார்கள். முதல் ஊசிக்கு இரண்டு வாரம் காய்ந்தது, கிருமி செத்துப்போன சரக்கு. பிறகு நாளுக்கு நாள் கம்மியாகக் காய்ந்தது, கடைசியில் ஏறக்குறைய புதுசு. பாஸ்டர் டாக்டர் இல்லை என்பதால் ஊசியை இன்னொருவர்தான் போட்டார். பையன் பிழைத்தான். இத்தனைக்கும் பாஸ்டர் அந்தக் கிருமியைக் கடைசிவரை கண்ணால் பார்த்ததே இல்லை. அவர் காலத்து மைக்ராஸ்கோப்புக்கு அது அகப்படாது. துப்பாக்கிக் குண்டு போன்ற அதன் வடிவம் தெரியவந்தது எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்த பிறகுதான்.

நானும் நேரில் பார்த்ததில்லை. அதன் தடத்தைப் பார்த்திருக்கிறேன். ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெறி இருக்கிறதா என்று பார்க்க ஐஸ் போட்ட தகர டின்னில் நாய்த் தலை வரும். மூளையில் ஒரு துணுக்கை எடுத்துக் கண்ணாடிச் சில்லில் ஒற்றிச் சாயம் ஏற்றினால், நீல நரம்புச் செல்லுக்குள் குங்குமப் பொட்டு வைத்த மாதிரி சிவப்பாக ஒன்று தெரியும். நெக்ரி உடல் என்று பெயர், 1903இல் இத்தாலிக்காரர் ஒருவர் கண்டது. பொட்டு இருந்தால் நாய்க்கு வெறிதான். பொட்டு இல்லையென்றால் வெறி இல்லை என்று மட்டும் சொல்ல முடியாது. அந்த மாதிரி நாட்களில் ரிப்போர்ட் எழுதக் கை வராது. ஏனென்றால் தாழ்வாரத்தில் கடிபட்டவரின் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

நம் முத்துவை ஞாபகம் இருக்கிறதா? ஏழாம் வகுப்பில் அவனை நாய் கடித்ததும் அவன் ஆத்தா காயத்தில் சுண்ணாம்பை அப்பிவிட்டாள். அப்புறம் தினம் பஸ் ஏறிப்போய்த் தொப்புளைச் சுற்றி 14 ஊசி. ஒரு துண்டு புளி கொடுத்தால்தான் சட்டையைத் தூக்கி வீக்கத்தைக் காட்டுவான். நீ இரண்டு தடவை கொடுத்துப் பார்த்தாய்! அந்த மருந்து என்ன தெரியுமா? ஆட்டு மூளை. ஆட்டின் மூளையில் வைரஸை வளர்த்து, பீனால் விட்டுச் சாகடித்து, அந்தக் குழம்பையே ஏற்றினார்கள். ஊசி கொள்ளளவு பெரிசு, அதனால்தான் வயிறு. தொல்லை என்னவென்றால், ஆட்டு மூளைச் சத்தைப் பார்த்துப் பழகிய உடம்பு சிலருக்குத் தன் நரம்பையே எதிரி என்று தாக்கிவிடும். நாய்க்கடிக்கு ஊசி போடப் போய்க் கை கால் விழுந்தவர்கள் உண்டு. ஊசி என்றாலே நம் ஊர்க்காரர்கள் ஓடியதில் நியாயம் இருந்தது. நம் நாட்டில் அதை அடியோடு நிறுத்தியது 2004 முடிவில்தான்.

இப்போது உன் பேரனுக்குப் போட்டது வேறு சங்கதி. பெரும்பாலும் வெரோ என்ற செல்லில் வளர்த்த வைரஸாக இருக்கும். 1962இல் ஜப்பானில் ஓர் ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல், இன்றுவரை பாட்டிலுக்குள் பெருகிக்கொண்டே இருக்கிறது. மூளை கலக்காத மருந்து. தோலுக்கடியில் துளியூண்டு, 0.1 மில்லி, இரண்டு தோளிலும். அவ்வளவுதான்.

மகள் வீடு சிம்ஸ் பூங்கா பக்கம் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? காலை நடையில் பாஸ்டர் நிலையத்தைத் தாண்டித்தான் போகிறேன். 1907இல் நாய்க்கடி வைத்தியத்துக்காகவே தொடங்கிய இடம். வாசலில் மப்ளர் கட்டிய கிழவர்களோடு ஐந்து நிமிஷம் நின்று பேசிவிட்டு வருவேன். முட்டிவலிக்கு இந்த ஏற்றம் ஆகாது என்கிறாள் மகள். நான் கேட்பதில்லை.

ஒரு விஷயம் மட்டும் உன்னிடம் கோபமாகக் கேட்க வேண்டும். கடித்ததும் என்ன செய்தீர்கள்? காபித்தூள் வைத்துக் கட்டியதாக எழுதியிருக்கிறாய். படித்தவன்தானே நீ! இனி யாரை எது கடித்தாலும் குழாயைத் திறந்துவிட்டு, லைஃப்பாயோ ரின்னோ கையில் கிடைத்த சோப்பைப் போட்டு 15 நிமிஷம் கழுவு. இந்த வைரஸுக்கு மேலே கொழுப்பாலான ஒரு உறை இருக்கிறது, சோப்பு அதைக் கரைத்துவிடும். எண்ணெய்ச் சட்டி கழுவுவதற்கும் இதற்கும் ஒரே கணக்கு.

இரண்டு தடவை ஊசி ஆயிற்று என்றாய். இந்தக் கடிதம் வரும்போது ஏழாம் நாள் ஊசியும் முடிந்திருக்கும். 28ஆம் நாள் ஒன்று பாக்கி. பையன் துள்ளிக்கொண்டு திரிகிறான் என்று அதை விட்டுவிடாதே, காலண்டரில் இப்போதே வட்டம் போடு.

தேயிலைத்தூள் ஒரு கிலோ பார்சலில் வருகிறது. பால் ஊற்றிக் கெடுக்காமல் ஒரு தடவையாவது கடுந்தேநீராகக் குடித்துப் பார்.

அப்புறம் முக்கியமானதை எழுதவே இல்லையே நீ. கடித்த நாய்க்கு உமிழ்நீரில் கிருமி இருந்திருந்தால் பத்து நாளுக்குள் அதற்கே நோய் முற்றிவிடும். அந்தக் குட்டி இப்போது எங்கே? உன் வாசலில்தான் படுத்திருக்கிறதா, சோறு தின்கிறதா? உடனே ஒரு போன் பண்ணு.

அன்புடன்,
ராமு