எச்சரிக்கை மணி யாருக்கு ஒலிக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

தனித்து வாழும் முதியோரின் நலனைக் கண்காணிக்கும் நவீன வீட்டுச் சாதனங்கள் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரை, பிள்ளைகள் கடல் கடந்துபோன திருகோணமலைக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பயனுள்ளது. ஆயினும் கருவிகளின் சிறப்பை விரித்துரைத்த கட்டுரையாளர், அவை எழுப்பும் எச்சரிக்கை முதலில் யாரைச் சென்றடைய வேண்டும் என்பதை ஆராயவில்லை. அசைவு உணரியோ, விழுந்ததை அறியும் கைக்கடிகாரமோ செய்தியை அனுப்புமேயன்றி, வந்து கதவைத் திறக்காது. இங்கு முற்பகல் பத்து மணியாகும்போது ரொறன்ரோவில் ஏறத்தாழ நள்ளிரவு என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது, மகன் பொருத்திக் கொடுத்த கமரா வெறுமையான கூடத்தையே காட்டிக்கொண்டிருந்தது. குளியலறையில் கமரா வைக்க எவரும் உடன்படமாட்டார், உடன்படவும் கூடாது. வழக்கமாக மீன் கொண்டுவருபவர் குரல் கொடுத்தும் கதவு திறக்கப்படாததால்தான் அயலவர் உள்ளே சென்று அவரை மீட்டனர்.

ஆகவே, இத்தகைய சாதனங்களைப் பொருத்துவோர் படம் பிடிக்காத உணரிகளைத் தெரிவுசெய்து, முதல் அழைப்பு நடந்து வரக்கூடிய தூரத்திலுள்ள அயலவர் இருவருக்கும், அடுத்தது வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் செல்லுமாறு அமைத்தல் வேண்டும். உதவிக்கு விரைபவர் 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை அழைக்கவும் அறிந்திருத்தல் நன்று. மின்தடையின்போது இணைய இணைப்பும் அற்றுப்போவதால் மாற்று மின்கலமும் அவசியம். இவ்வாறு உதவ முன்வரும் அயலவரின் விபரங்களைக் கிராம உத்தியோகத்தர் பிரிவுதோறும் முதியோர் சங்கங்கள் வாயிலாகப் பதிவுசெய்து பேணுவதற்குப் பிரதேச செயலகங்கள் ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.