அளவு எடுத்து அனுப்பியிருக்கிறேன்

மன்னார்குடி,
சித்திரை 28

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதி அம்மாவின் கைப்பையில் வைக்கிறேன். நாளை மறுநாள் ராத்திரி அம்மாவும் அக்கா பிள்ளைகள் மூவரும் திருச்சியில் சிங்கப்பூர் விமானம் ஏறுகிறார்கள். நான் வரவில்லை என்று உனக்குக் குறை இருக்கும். பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால் வரும் ஒரு மாதம்தான் தையல்காரனுக்கு அறுவடை என்பது நீ பார்த்து வளர்ந்த விஷயம். மேசையில் யூனிஃபார்ம் துணி மூட்டையாகக் கிடக்கிறது. காஜா எடுக்கும் பையன் வேறு அக்கா கல்யாணம் என்று போய்விட்டான்.

நீ கூட்டிப்போகப் போகிற செந்தோசா தீவு யுனிவர்சல் ஸ்டுடியோஸ் பூங்காவுக்கு நீ அனுப்பிய உயரப் பட்டியலைப் பெரியவள் படித்துச் சொன்னாள். எந்த ரைடுக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று இவ்வளவு கறாராக வைத்திருப்பதைக் கேட்டதும் எனக்கு அந்த இடத்தின் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. நம்ம ஊர்க்காரர்கள் அதைக் கெடுபிடி என்பார்கள். உடம்பை இறுக்கிப் பிடிக்கிற அந்தக் கம்பி ஓர் அளவு உடம்புக்குச் செய்தது. அதைவிடச் சின்ன உடம்பு அதற்குள் நிற்காது, வழுக்கிக்கொண்டு வெளியே வரும். பெரியவன் சட்டையைச் சின்னவனுக்குப் போட்டால் தோளில் நிற்குமா? அதே கதைதான்.

மூவரையும் கடை வாசல் நிலையில் சாய்த்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, தலைமேல் அடிக்கோலைப் படுக்க வைத்துக் கோடு போட்டு அளந்தேன். பெரியவள் 153. நடுவுலவன் 123.5. கடைக்குட்டி காலையில் 102.1, ராத்திரி 101.4. டேப் தப்பு இல்லை. நாள் முழுக்க நின்று நடந்தால் முதுகெலும்பு அழுந்தி உயரம் கொஞ்சம் குறையும். படுத்து எழுந்தால் திரும்பி வந்துவிடும். இது உனக்கு இப்போது முக்கியம். அவள் ஏற ஆசைப்படுவது ரோபோக்கள் சண்டை போடும் அந்த ரைடு. அதற்கு 102 வேண்டும். எனவே கதவு திறந்ததும் நேரே அங்கே போ. ஊரெல்லாம் சுற்றிவிட்டுச் சாயங்காலம் போனால் அரை சென்டிமீட்டரில் பிள்ளை அழும்.

உன் அம்மா அவளுக்குக் கட்டை வைத்த செருப்பு வாங்கிவிட்டாள். நான் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன். காலையில் அளப்பது அவளுடைய சொந்த உயரம், அதில் தப்பில்லை. கட்டை செருப்பு அப்படி இல்லை.

நடுவுலவன் கதைதான் கஷ்டம். அந்த இருட்டு ரோலர் கோஸ்டர், மம்மி பொம்மையெல்லாம் வரும், பாதியில் பின்பக்கமாக ஓடும் என்றாயே, அதற்கு 122. அதில் ஏறிவிடுவான். ஆனால் அவன் ஆறு வாரமாகப் போனில் போட்டுப் போட்டுப் பார்ப்பது சிவப்பும் நீலமுமாக இரண்டு தண்டவாளம் ஒன்றையொன்று உரசுகிற மாதிரி ஓடுகிறதே, அதை. நீலத்தில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு போகலாமாம். அதற்கு 125. ஒன்றரை சென்டிமீட்டர் பற்றவில்லை. அங்கே வரிசையில் நின்ற பிறகு யாரோ ஒரு சிப்பந்தி சொல்லி அவன் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நானே உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். ஒரு சாயங்காலம் முழுக்க அழுதான். அப்புறம் வந்து, "மாமா சொன்னா விடுவாங்களா தாத்தா?" என்றான். மாமா அந்த ஊர் ராஜா என்று நினைப்பு. விடமாட்டார்கள், மாமாவும் கேட்கமாட்டான் என்று சொல்லியிருக்கிறேன். என்னைப் பொய்யனாக்கிவிடாதே. அவன் கண் கலங்குவதைப் பார்த்து "அடுத்த வருஷம் கூட்டிக்கிட்டுப் போறேன்டா" என்று வாக்குக் கொடுத்துவிடாதே. உன் காண்ட்ராக்ட் எப்போது முடிகிறது என்று எனக்குத் தெரியும்.

பெரியவளுக்குப் போன மாதம் 13 முடிந்துவிட்டது. அங்கே 12 வரைக்கும்தான் சின்னப்பிள்ளை டிக்கெட் என்றாய், அதனால் அவளுக்கு முழு டிக்கெட். இதை அவளே கணக்குப் போட்டுவிட்டாள். "என்னால மாமாவுக்குச் செலவு" என்று உன் அக்காவிடம் சொன்னாளாம். இந்தப் பிள்ளையைத்தான் நீ கவனிக்க வேண்டும். சின்னதுகள் இரண்டும் கத்திக் கேட்டு வாங்கிக்கொள்ளும். இவள் "எனக்கு எது வேணா சரி மாமா, தம்பி ஏறட்டும்" என்பாள். நாள் முழுக்கத் தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டு ஆயா வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள், அவள் முகத்தைப் பார்த்து உன்னால் கண்டுபிடிக்கவும் முடியாது. அந்த இரட்டை ரோலர் கோஸ்டரில் ஏற உயரம் இருப்பது மூன்று பேரில் அவள் ஒருத்திக்குத்தான். ஆசை இருக்கிறதா என்று தம்பி இல்லாத இடத்தில் கேள். இன்னொன்று: தண்ணீரில் நனைகிற எதிலும் வேண்டாம் என்று அவள் சொன்னால் ஏன் என்று கேட்காதே, வற்புறுத்தாதே. அம்மா பார்த்துக்கொள்வாள்.

அம்மாவுக்கு முழங்கால் முன்னே மாதிரி இல்லை. நாள் முழுக்க நடக்க வைக்காதே. ஏற முடியாத பிள்ளையோடு நிழலில் உட்கார ஒரு ஆள் வேண்டும், அதற்குத்தான் அவள் வருகிறாள் என்று சொல்லு. அப்படிச் சொன்னால் உட்காருவாள். முடியவில்லையா என்று கேட்டால் உட்காரமாட்டாள்.

1989 பொங்கல் லீவில் உன் அத்தைப் பிள்ளைகள் மூவரை நான் மெட்ராஸ் கூட்டிப்போனேன் என்று உனக்குத் தெரியும். வி.ஜி.பி. கோல்டன் பீச்சில் அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைக்க மூன்றும் செய்த கூத்தைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். மறுநாள் நடந்ததைச் சொன்னதில்லை.

தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போனோம். ராட்சத ராட்டினத்துக்கு நாலு டிக்கெட் எடுத்தேன். அவர்களிலும் நடுவுலவன், எட்டு வயசு, ஏறமாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டான். எனக்குத் தாய்மாமன் என்ற மிதப்பு. டிக்கெட் காசு போகிறதே என்ற கவலையும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். "ஆம்பளைப் புள்ளைக்கு என்னடா பயம்" என்று அவன் விரலைப் பிரித்துத் தூக்கி மடியில் உட்கார வைத்தேன். உச்சியில் போய் ராட்டினம் நின்றது, கீழே ஆள் ஏற்றுகிறார்கள். மெட்ராஸ் முழுக்க விளக்கு. பாருடா, பாருடா என்கிறேன், அவன் கண்ணை இறுக்கி மூடியிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் என் தொடையில் சூடாக ஈரம். நான் தைத்துப் போட்ட காக்கி அரைக்கால் சட்டை. கீழே இறங்கியதும் நான் சிரித்தேன். மற்ற இரண்டும் சிரித்தன. அவனும் சிரித்தான்.

போன வருஷம் அத்தை வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து அவனே இதை வேடிக்கையாகச் சொன்னான். தலை பாதி நரைத்துவிட்டது அவனுக்கு. எல்லோரும் சிரித்தோம். அவன் பெண்டாட்டி மட்டும், "பங்குனித் திருவிழாவுல ராட்டினம் இருக்கிற பக்கமே இவர் வரமாட்டாரு, பொண்ணை நான்தான் ஏத்திவிடுவேன்" என்றாள். எனக்கு இலையில் கை போகவில்லை.

ஆகவே, கடைக்குட்டி ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, கிட்டே போன பிறகு வேண்டாம் என்றால், அப்போதும் விட்டுவிடு. அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வா. சிரிக்காதே, மற்ற இரண்டையும் சிரிக்க விடாதே.

நீ இந்தப் பயணத்துக்கு இவ்வளவு செலவு செய்வது ஏன் என்று எனக்குத் தெரியும். 2021-ல் கடைக்குட்டிக்குக் காது குத்தினபோது நீ வர முடியவில்லை. கொரோனா, விமானம் இல்லை. தாய்மாமன் மடி இல்லாமல் என் மடியில் வைத்துக் குத்தினோம், நீ வீடியோவில் பார்த்தாய். உன் முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்தக் கடன் பிள்ளைக்குத் தெரியாது. இதைச் சீர் மாதிரி நினைத்து, தட்டு எண்ணிக்கை குறையக்கூடாது என்று எல்லா ரைடிலும் ஏற்றிவிடப் பார்க்காதே. அவளுக்கு அந்தத் தீவுக்குப் போகும் மோனோ ரயிலே போதும் என்று தோன்றலாம். வாசலில் சுற்றுகிற அந்தப் பெரிய உலக உருண்டையின் கீழேயே அரை மணி நேரம் நிற்கலாம். நிற்கட்டும். துணி மூன்று மீட்டர் இருக்கிறது என்பதற்காக ஒன்றரை மீட்டர் உடம்புக்கு மூன்றையும் வெட்டித் தைக்கிறோமா?

சில்லறை விஷயங்கள். இறங்கின அன்றைக்கே கூட்டிப்போகாதே. அங்கே மணி பத்து என்றால் நமக்கு ஏழரை. ராத்திரி விமானத்தில் தூங்காமல் வரும் பிள்ளைகள் வரிசையிலேயே சாயும். ஒரு நாள் படுக்க விடு. அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு ஜூனில்தான் லீவு என்றாய், அதனால் இந்த மே மாதத்து வாரநாள் ஒன்றில் போய்விடு, சனி ஞாயிறு வேண்டாம். மத்தியானத்துக்கு மேல் மழை வரும், மின்னல் வந்தால் வெளியே இருக்கிற ரைடுகளை நிறுத்திவிடுவார்கள் என்றாய். ஆகவே வெட்டவெளியில் இருப்பதை முன்னால் முடி, கூரைக்குள் இருப்பதை மழைக்கு வை. கடைக்குட்டியின் ரோபோ ரைடு மட்டும் விதிவிலக்கு, அது கூரைக்குள் இருந்தாலும் முதலில்.

அம்மா புளிச்சோறு கட்டியே தீருவாள். உள்ளே வெளிச் சாப்பாடு விடமாட்டார்கள், ரயிலில் தின்றால் ஐந்நூறு சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம் என்று நான் சொன்னதற்கு, "சோறு தின்னா அபராதமா, என்ன ஊரு அது" என்று ஒரு பாட்டம் ஆடிவிட்டாள். வீட்டிலேயே எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். நடுவுலவன் பையில் சூயிங்கம் இருந்தது, எடுத்துவிட்டேன். இன்னும் எங்காவது வைத்திருப்பான். ஓட்டுநர் இல்லாமல் லிட்டில் இந்தியா வழியாக ஹார்பர்ஃபிரண்ட் போகும் ரயிலை அவனுக்குக் காட்டு. ரோலர் கோஸ்டர் துக்கம் பாதி அதில் போகும்.

அந்தத் தீவைப் பற்றி உன் பெரியப்பா சொன்னது ஞாபகம் வருகிறது. அவர் துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் அதற்கு பிளாக்காங் மாத்தி என்று பெயர். மாத்தி என்றால் மலாயில் சாவு. அந்தப் பக்கம் பார்க்கவே பிடிக்காது என்பார். 1972-ல் செந்தோசா என்று மாற்றினார்கள். நம்ம சந்தோஷம்தான் அது, வடமொழியிலிருந்து அங்கேயும் போயிருக்கிறது. மலாயில் அமைதி என்று அர்த்தமாம். மூன்று பிள்ளைகளோடு போகிறவனுக்கு அந்த அர்த்தம் கிடைக்காது.

பெட்டியில் மூன்று சட்டை இருக்கிறது. ஒரே துணியில் வெட்டினது, பளிச்சென்று மஞ்சள். கூட்டத்தில் தூரத்திலிருந்தே தெரியும். பெரியவள் முகத்தைச் சுளித்தாள், அவளுக்கு மட்டும் காலர் வைத்துக் கொஞ்சம் நாகரிகமாகத் தைத்திருக்கிறேன். மூன்றிலும் உள்பக்கம், கழுத்துக்குக் கீழே, சின்னத் துணி வைத்து உன் போன் நம்பரைத் தைத்திருக்கிறேன். கடைக்குட்டிக்கு அதைத் தொட்டுக் காட்டச் சொல்லிக் கொடுத்தாயிற்று. காணாமல் போனால் அழாமல் சட்டையைத் திருப்பிக் காட்ட வேண்டும் என்று தினம் ஒத்திகை நடக்கிறது. மளிகைக்கடைக்காரரிடம் போய்க்கூடக் காட்டிவிட்டு வந்தாள்.

நாலாவது சட்டை உனக்கு. அதே துணிதான், போட்டுக்கொள், பிள்ளைகளுக்கு அடையாளம் தெரியும். உன் அளவு என்னிடம் இருப்பது மூன்று வருஷத்துக்கு முந்தினது. போன பொங்கலுக்கு நீ அனுப்பின போட்டோவைப் பார்த்து இடுப்பில் ஓர் அங்குலம் கூட்டி வெட்டினேன். அதுவும் பற்றாவிட்டால், பக்கத் தையலில் துணி விட்டிருக்கிறேன். அம்மாவிடம் ஊசி நூல் இருக்கிறது, பிரித்துவிடச் சொல்லு.

அப்பா