ஃபோம் வாங்குவதற்கு முன்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேறிவிட்டது, வெள்ளிக்கிழமை கோவிலுக்கு மறுபடி நடந்தே போகிறார். உன் பெரியப்பாவின் தெருக்கூத்துப் பாட்டுகளைப் பதிவு செய்ய சாட்ஸ்வர்த் வீட்டின் பின்னறையை ஒதுக்கிவிட்டாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். டர்பனில் அந்தப் பாட்டுகளை மனப்பாடமாகப் பாடுகிறவர் இனி எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்? அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

எதிரொலியை அடக்க நாலு சுவரிலும் ஃபோம் (பஞ்சுபோன்ற மென்பலகை) ஒட்டாதே. ரெண்டு அங்குல ஃபோம் கீச்சென்ற ஒலிகளை மட்டும்தான் விழுங்கும், கனமான கீழ்ஸ்தாயி ஒலி அதைத் தாண்டிப் போய்ச் சுவரில் மோதி அப்படியே திரும்பும். 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 அதிர்வு) அலையின் நீளமே சுமார் 3.4 மீட்டர், ரெண்டு அங்குலம் அதை என்ன செய்யும்? எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அதே 3.4 மீட்டர் இருந்தால் 50, 100, 150 ஹெர்ட்ஸில் அறை தானே கும்மென்று சேர்ந்து பாடும், ஆண்குரலின் கீழ்ஸ்தாயி அந்த 100, 150 பக்கம்தான் இருக்கிறது. இங்கே மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் புயலுக்குப் பயந்து சுவர், கூரை எல்லாம் கான்கிரீட், அந்தக் கும்முதல் எனக்கு நன்றாகவே பழக்கம்.

பணத்தை மூலைகளில் போடு. கனமான ஒலி அங்கேதான் குவியும். குறைந்தது 10 செ.மீ. தடிமனுள்ள ராக்வூலை (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) மரச்சட்டத்தில் அடைத்து, காற்று புகும் துணியால் மூடி, தரையிலிருந்து கூரைவரை மூலைக்குக் குறுக்காக நிறுத்து. அப்புறம் நீ உட்காரும் இடத்தில் இரு, ஒருவர் பக்கச் சுவரோரம் கண்ணாடியை நகர்த்தட்டும், கண்ணாடியில் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அங்கே அதே மாதிரி ஒரு ராக்வூல் பலகை. தலைக்கு மேலேயும் ஒன்று. எதையும் சுவரோடு ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி விடு, கீழ் ஒலிக்கும் நல்லது, உங்கள் ஊர்க் கடற்கரை ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்காது.

தரையை விட்டுவிடு. முழுக்கக் கம்பளம் விரித்தால் மேல் ஒலி மட்டும் செத்துப்போகும், மிருதங்கத்துக்கு உயிரே இருக்காது. மைக் அடியில் சின்ன விரிப்பு போதும்.

பக்கத்து வீட்டு நாய்ச் சத்தத்தை இந்தப் பலகைகள் தடுக்காது, முட்டை அட்டையும் தடுக்காது. அதற்குக் கனமான கதவும், இடுக்கில்லாமல் ரப்பர் அடைப்பும் வேண்டும்.

அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து எழுது. சதுர அறையாக இருந்தால் நீளத்திலும் அகலத்திலும் ஒரே ஸ்வரம் முட்டும், அப்படியானால் சட்டம் அடிப்பதற்கு முன்பே வேறு அறை பார்.

அன்புடன்,
உன் ரோஸ் ஹில் நண்பன்