பிடியரிசி இட்ட கைகளுக்கு

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும், எந்தச் சபை, எந்தக் கோவில் என்று பாராமல் அடுக்களையில் பிடியரிசிப் பானை வைத்த ஊராருக்கும் ஸ்தோத்திரம்.

உலையில் போட அரிசி அளந்ததும், களைவதற்கு முன்பே ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் இடுகிறீர்கள். அது மிச்சம் அல்ல, முதல். மூடிய கையில் ஏறத்தாழ 40 கிராம் நிற்கும். 125 வீட்டார் ஒருநாள் இட்ட பிடி 5 கிலோ. அதோடு 2 கிலோ சிறுபயறு சேர்த்தால், ஆளுக்கு அரை லிட்டர் வீதம் 100 பேருக்குக் கஞ்சி ஆகிவிடும். மாதக் கடைசியில் கடையில் ஒரு கிலோ வாங்கித் தருகிறவர்களுக்கும் நன்றி. அந்த அரிசியும் இதே வார்ப்பில்தான் வேகிறது. ஆனாலும் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறோம்: தினமும் இடுகிற பிடிக்கு ஈடில்லை. இன்றைக்கும் வீட்டில் அரிசி இருக்கிறது என்பதை அந்த நேரத்தில் கை தொட்டு அறிகிறது.

காய்ந்த கையால் இட்டவர்களுக்குத் தனி நன்றி. ஈரக்கையால் இட்டால் பானையின் அடியில் அரிசி கட்டிபிடித்துப் பூசணம் பூக்கும். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையிலும் ஐப்பசி மழையிலும் காற்றே ஈரமாக இருப்பதால் வண்டும் சீக்கிரம் வரும். வண்டு அரிசியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு அடைத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு மாதம் போனால் புது வண்டு ஊர்ந்து வரும். அதனால்தான் மழைக்காலத்தில் 15 நாளுக்கு ஒருமுறை வந்து வாங்கிக்கொள்கிறோம். வண்டு கண்டால் அரிசியைக் கொட்டிவிட வேண்டாம். இளவெயிலில் மெல்லிசாகப் பரப்பினால் வண்டு வெளியேறும், முட்டை உள்ளேயே இருக்கும். தனிப்பையில் கட்டித் தாருங்கள், அந்த வாரமே சமைத்துவிடுவோம்.

சொளவு எடுத்துவந்து புடைத்துக் கல் பொறுக்கிய அக்காமாருக்கு என்ன சொல்ல! கலந்து வந்த அரிசியை அவர்கள் நிறம் பார்த்துப் பிரிக்காவிட்டால் கஞ்சி உருப்படாது. தடித்த சம்பா புழுங்கல் வேக ஒரு மணி நேரம் வரை ஆகும். சன்ன அரிசி அதற்குள் கூழாகிவிடும். தண்ணீர் கொதித்ததும் சம்பாவும் பயறும், 20 நிமிடம் கழித்துச் சன்ன அரிசி, இறக்கும்போது உப்பு. பச்சரிசியைக் கஞ்சியில் சேர்ப்பதில்லை. புட்டுக்கும் இடியாப்பத்துக்கும் மாவாக்கித் தனியே கொடுக்கிறோம்.

அடுப்பெரிக்கத் தென்னங்கொதும்பும் சிரட்டையும் கொண்டுவந்து குவித்த பிள்ளைகளே, கொதி வந்ததும் நீங்கள் தீயைத் தள்ளியதால்தான் அடிபிடிக்கவில்லை. துவையலுக்குத் தேங்காய் தந்த தோட்டக்காரர்களுக்கும், வாசல்வாசலாக நிறுத்திச் சாக்கு ஏற்றிய ஆட்டோ ஓட்டும் தம்பிக்கும் நன்றி.

பனையேறும் அண்ணன்மார் விடியற்காலையில் ஓலை வெட்டி, கஞ்சி குடிக்க அன்றே பட்டை மடித்துத் தந்தீர்கள். முந்தின நாள் வெட்டிய ஓலை மடிப்பில் கீறி ஒழுகிவிடும். ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்ததால் கடைசிப் பந்திவரை ஒரு பட்டையும் ஒழுகவில்லை. சூடான கஞ்சி பச்சை ஓலையில் விழுந்ததும் எழுகிற மணத்தை வரிசையில் நின்ற எல்லோருமே முகர்ந்தோம்.

வருகிற சனிக்கிழமை மாலை பானை அரிசியை எடுக்க வருவோம். காலியான பானையைக் கழுவினால் நன்றாக வெயிலில் காயவைத்த பிறகே அடுத்த பிடியை இடுங்கள்.

ஸ்தோத்திரத்துடன்,
பிடியரிசி திரட்டும் சகோதரிகள்
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்