வரத்துக்கால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? குளிருக்குக் காதை மூடிக்கொள்.

நீ போன முறை விட்டுப்போன கட்டுரையை அகராதி வைத்துக்கொண்டு நான்கு தடவை படித்தேன். நம் பால்வீதி வருடத்துக்கு ஒன்றிரண்டு சூரியன் எடையுள்ள வாயுவை நட்சத்திரமாக்குகிறது. கையிருப்பு சில நூறு கோடி ஆண்டுகளுக்குத்தான் வரும். ஆனால் ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு மேலாக நட்சத்திரம் பிறந்துகொண்டே இருக்கிறது. முப்பத்திரண்டு வருடம் ஏரி மதகு பார்த்தவனுக்கு இது புரியாதா? மடை ஓடியும் ஏரி வற்றவில்லையென்றால் எங்கோ வரத்து இருக்கிறது. வெடிக்கும் நட்சத்திரங்கள் வாயுவை வெளியே தள்ளுவது ஏரி நிறைந்து கலங்கல் போவது மாதிரி. எம்82 என்ற இன்னொரு நட்சத்திர மண்டலத்தில் கரையே உடைந்ததுபோல மேலும் கீழும் பீறிட்டு அடிக்கிறதாம். என் மகள் படிப்பது இதுதான் என்று டீக்கடையில் எல்லோரிடமும் சொன்னேன்.

1963-ல் கெயில் ஸ்மித் என்ற மாணவி நீ இருக்கும் அதே லைடனில் படித்தபோது கண்டுபிடித்த வாயு மேகம், நொடிக்கு சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. இன்னும் மூன்று கோடி ஆண்டில் நம் பால்வீதியில் விழும். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி அதில் கந்தகம் பார்த்ததாக 2016-ல் சொன்னார்கள். கந்தகம் நட்சத்திரத்துக்குள் விளைவது. அதனால் அது இங்கிருந்தே போன வாயுவாக இருக்கலாம். அந்த வரிக்குக் கீழே பென்சில் கோடு போட்டிருக்கிறாய். அதற்குப் பின் பதினோரு பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லையே, ஏன்?

ஐந்து மாதமாக ‘பிஸிப்பா’ என்று மட்டும் செய்தி வருகிறது. எதிர்வீட்டுப் பையன் கனடாவிலிருந்து வாராவாரம் பேசுகிறான். நேரத்துக்குச் சாப்பிடு.

பாப்பா, அன்றைக்கு நீ ‘விட்டுடலாமான்னு இருக்குப்பா’ என்றாய். சிக்னல் இல்லை, கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. மாமா ஞாபகம் வந்தது, பயந்துவிட்டேன். நீ மறுபடி கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மொட்டைமாடியில் தனியாக இருப்பேன். விடுவதென்றாலும் சொல்லு. கேட்பேன்.

அப்பா