நைசியாவில் ஓட்டெடுப்பு நடக்கவில்லை

அன்புள்ள ஆரோக்கியம்,

கடிதம் கிடைத்தது. மூட்டுவலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. ஓய்வு பெற்ற கையோடு பங்கில் விவிலிய வகுப்பையும் தலையில் போட்டுக்கொண்டாயே, உனக்குச் சும்மா இருக்கத் தெரியாது என்பது பழைய சங்கதிதான்.

வகுப்பில் ஒரு பையன் கேட்டதாக எழுதியிருந்த கேள்வி எல்லா ஊரிலும் வருகிறது: "325-இல் கான்ஸ்டன்டைன் மன்னர் நைசியாவில் ஆயர்களைக் கூட்டி, விவிலியத்துல எந்த நூல் இருக்கணும், எது போகணும்னு ஓட்டுப் போட வெச்சாராமே?" இல்லை. நைசியாவில் இயற்றிய ஒழுங்குகள் 20. குருக்கள் வட்டிக்கு விடக்கூடாது என்றுகூட அதில் ஒன்று உண்டு. நூல் பட்டியல் இல்லை. 9-ஆம் நூற்றாண்டுக் கிரேக்கத் தொகுப்பு ஒன்றில்தான் கதை தலைகாட்டுகிறது: எல்லா நூல்களையும் பீடத்தருகே குவித்து வேண்டினார்களாம், மெய்யானவை மேலே இருந்தனவாம், போலிகள் அடியில் கிடந்தனவாம். அதை எடுத்துப் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் நையாண்டி செய்தார். அங்கிருந்து ஊர் உலகமெல்லாம் பரவியது.

திருமுறை, அதாவது மறைநூல் என்று சபை ஏற்ற நூல்களின் பட்டியல், உருவானது மாநாட்டு மேசையில் அல்ல. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எதை உரக்க வாசிப்பது, எதை எந்த நூலோடு சேர்த்துத் தைப்பது என்ற அன்றாட வேலைகளில்தான். வகுப்பில் இதை அழுத்திச் சொல்.

முதலில் வந்தவை நற்செய்திகள் அல்ல, பவுலின் திருமுகங்கள், அதாவது அவர் சபைகளுக்கு எழுதிய கடிதங்கள். தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகம் கி.பி. 50 வாக்கில். அவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவார்; உரோமையர் 16:22-இல் தெர்த்தியு என்ற எழுத்தர் தன் பெயரிலேயே வணக்கம் சொல்கிறார். கலாத்தியர் 6:11-இல் பவுல் தாமே கோலை வாங்கி, பார், எவ்வளவு பெரிய எழுத்து என்கிறார். கொலோசையர் 4:16-ஐ மட்டும் நிறுத்தி வாசிக்கச் சொல்: இதை நீங்கள் வாசித்ததும் லவோதிக்கேயாவிலும் வாசிக்கச் செய்யுங்கள், அங்கிருந்து வருவதை நீங்கள் வாசியுங்கள் என்று இருக்கும். அனுப்புமுன் ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டால் ஊருக்கொரு சிறு தொகுப்பு ஆயிற்று.

அடுத்தது தாள் சங்கதி. அன்றைய கிரேக்க, உரோமை உலகம் இலக்கியத்தைச் சுருளில் படித்தது. லூக்கா நற்செய்தி ஒன்றே சுமார் 10 மீட்டர்ச் சுருளை நிரப்பிவிடும். கிறிஸ்தவர்களோ வெகு சீக்கிரமே மடித்துத் தைத்த புத்தகத்துக்கு மாறிவிட்டார்கள். சுருள்கள் கூடையில் எந்த வரிசையிலும் கிடக்கலாம். தைத்த புத்தகத்தில் எது முதல், எது கடைசி, எதற்கு இடமில்லை என்று முன்கூட்டியே முடிவெடுத்தாக வேண்டும்.

இதற்கு நல்ல சாட்சி பி46 என்று எண்ணிட்ட பாப்பிரஸ் பிரதி. சுமார் கி.பி. 200-ஐச் சேர்ந்தது, 86 ஏடுகள் மிஞ்சியுள்ளன. 56 டப்ளினில், 30 அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில். 52 தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரே மடிப்பாக மடித்தது: 104 ஏடு, 208 பக்கம். இப்படி ஒரே மடிப்பில் புத்தகம் கட்டினால் எழுத ஆரம்பிக்கும் முன்பே மொத்த அளவைக் கணக்கிட வேண்டும். பாதிக்கு மேல் எழுதிவிட்டால் பின்னால் ஒரு தாள் சேர்க்க முடியாது, சேர்த்தால் முன்னால் வெற்று ஏடு வந்துவிடும். இந்த எழுத்தர் தப்புக் கணக்குப் போட்டார். நடுப்பக்கத்தைத் தாண்டியதும் இடம் போதாதென்று தெரிந்து, எழுத்தையும் வரியையும் நெருக்க ஆரம்பிக்கிறார். கடைசி 7 ஏடுகள் காணோம் (முதல் 7-ம் காணோம், ஒரே மடிப்பில் வெளித்தாள் கிழிந்தால் முன்னும் பின்னும் சேர்ந்தே போகும்). அந்த 14 பக்கத்தில் திமொத்தேயு, தீத்து திருமுகங்கள் முழுதும் அடங்கா. அவற்றை அவர் ஏற்கவில்லையா, இடம்தான் இல்லையா என்று அறிஞர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். இடப்பற்றாக்குறையைக் கொள்கையாக்கிவிடக் கூடாது என்பது என் கட்சி. எபிரேயர் திருமுகம் இதில் உரோமையருக்கு அடுத்தே இருக்கிறது. மேற்கில் அது பவுலுடையதா என்று வெகுகாலம் சந்தேகம் இருந்ததை நினைத்துப் பார்.

படியெடுக்கும்போது நேரும் பிழைக்கும் ஒரு மாதிரி காட்டு. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. ஒரே தொடர் இரண்டு தடவை வந்தால் கண் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தாவும். யோவான் 17:15-இல், இவர்களை உலகிலிருந்து எடுத்துவிடும்படி அல்ல, தீயோனிடமிருந்து காக்கும்படியே வேண்டுகிறேன் என்கிறார் இயேசு. 'உலகிலிருந்து', 'தீயோனிடமிருந்து' இரண்டுக்கும் கிரேக்கத்தில் முன்சொற்கள் ஒன்றே. வத்திக்கான் பிரதி என்ற பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதியின் எழுத்தர் இடையில் உள்ளதை விட்டுவிட, "இவர்களைத் தீயோனிடமிருந்து எடுத்துவிடும்படி நான் வேண்டவில்லை" என்று ஆகிவிட்டது!

மார்சியோன் கதை உனக்குத் தெரியும்: சபை ஒதுக்கிய இந்தப் போதகர் 140-களில் உரோமையில், வெட்டிச் சுருக்கிய லூக்காவும் பவுலின் பத்துத் திருமுகங்களும் போதும் என்றார். 180 வாக்கில் லியோன் நகர ஆயர் இரேனேயுஸ், நற்செய்தி நான்கே, கூடவும் குறையவும் கூடாது என்று அடித்துச் சொன்னார். இத்தாலிய அறிஞர் முரத்தோரி 1740-இல் வெளியிட்ட, மறைநூல்களைப் பற்றிய 85 வரி இலத்தீன் பட்டியலை விட்டுவிடாதே. அதன் காலம் பற்றி இழுபறி உண்டு. ஆனால் ஹெர்மாசின் 'மேய்ப்பர்' என்ற பழைய கிறிஸ்தவ நூலைத் தனியே படிக்கலாம், சபையில் வாசிக்கக் கூடாது என்று அது கோடு கிழிக்கும் இடம்தான் முக்கியம்.

பட்டியல் அவசரமானது காவலர் கதவைத் தட்டியபோது. 303-இல் உரோமைப் பேரரசர் தியோக்கிளேசியன் மறைநூல்களை எரிக்க ஆணையிட்டார். மே 19 அன்று, இன்றைய அல்ஜீரியாவில் உள்ள சிர்த்தா நகரில் நடந்த சோதனையின் குறிப்பு அப்படியே கிடைத்திருக்கிறது. கோவிலில் இருந்த பொருள்களைக் கணக்கெடுத்தார்கள்: பொன் கிண்ணம் 2, பெண்கள் மேலங்கி 82, பெண்கள் செருப்பு 47 சோடி (ஏழைகளுக்குக் கொடுக்க வைத்திருந்திருப்பார்கள்). புத்தகம் என்று ஒரு பெரிய தொகுதிதான் அகப்பட்டது. மற்றவை, வழிபாட்டில் மறைநூல் வாசிக்கும் வாசகர்களிடம் இருக்கின்றன என்றார் ஆயர். வீடு வீடாகப் போனார்கள். ஒரு வீட்டில் 4, ஒரு வீட்டில் 5, இன்னொன்றில் 8. மறைநூல் என்பது ஒற்றைப் புத்தகமாக இருக்கவில்லை, பல வீட்டு அலமாரிகளில் சிதறிக் கிடந்தது. கார்த்தேஜ் ஆயர் மென்சூரியுஸ் தப்பறைக்காரர்களின் (சபைக்கு மாறான கொள்கையினரின்) நூல்களைக் கோவிலில் விட்டுவைக்க, காவலர் அவற்றை எடுத்துப் போனார்களாம். எதைக் கொடுத்தால் துரோகம், எதைக் கொடுத்தால் இல்லை என்பது அப்போது உயிர்ப் பிரச்சினை.

அதற்குப் பிறகுதான் திருச்சபை வரலாறு எழுதிய ஆயர் யூசேபியுஸ், எல்லோரும் ஏற்பவை, சிலர் மறுப்பவை, போலி என்று பிரிக்கிறார். யாக்கோபு, யூதா, 2 பேதுரு, 2, 3 யோவான் மறுக்கப்படுபவை. இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 நூல்களை மட்டும் வரிசையாகச் சொல்வது, அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367-இல் எழுதிய பாஸ்கா மடல். ஆப்பிரிக்காவில் 393-இல் ஹிப்போவில் கூடிய சங்கமும், 397-இல் கார்த்தேஜில் கூடிய சங்கமும் அதே 27-ஐ ஏற்றன.

அதோடு முடிந்தது என்று மட்டும் சொல்லிவிடாதே. பெசித்தா என்ற சிரியாக் மொழிபெயர்ப்பின் புதிய ஏற்பாட்டில் 22 நூல்கள்தான். 2 பேதுரு, 2, 3 யோவான், யூதா, திருவெளிப்பாடு இல்லை. கேரளத்துத் தோமையார் கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டு வாசித்தது சிரியாக் மறைநூல்தான். 1599-இல் உதயம்பேரூர் சங்கத்தில் கோவாப் பேராயர் மெனேசிஸ் விடுபட்டவற்றைச் சேர்க்க ஆணையிட்டார். கிரேக்க மரபுச் சபைகள் திருவெளிப்பாட்டை ஏற்கின்றன, ஆனால் வழிபாட்டு வாசகங்களில் இன்றுவரை சேர்த்ததில்லை.

வகுப்பில் திரை இருந்தால் சீனாய் பிரதி என்ற பழைய கிரேக்க விவிலியப் பிரதியைக் காட்டு, இணையத்தில் இலவசம். பக்கத்துக்கு நான்கு பத்தி, பத்திக்கு 48 வரி. திருவெளிப்பாடு முடிந்ததும் 'பர்னபா திருமுகம்' தொடங்கும், அதற்குப் பின் 'மேய்ப்பர்'. அந்தப் பையனையே எழுந்து வந்து பார்க்கச் சொல். அடுத்து லூத்தரையும் திரெந்து சங்கத்தையும் எடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே எழுது, குறிப்பு அனுப்புகிறேன்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சவரிமுத்து