கான்ஸ்டன்ஷியா ஒயினும் சோழமண்டலக் கரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனை அடுத்த கான்ஸ்டன்ஷியா திராட்சைத் தோட்டங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த பயணக் கட்டுரையை விரும்பிப் படித்தேன். டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் கேப் பகுதித் தலைவர் சைமன் வான் டெர் ஸ்டெல் 1685-இல் தோட்டத்தை நிறுவியதையும், செயின்ட் ஹெலினா தீவில் சிறைவைக்கப்பட்ட நெப்போலியன் அதன் இனிப்பு ஒயினை அருந்தி வந்ததையும் சுவைபட எழுதிய கட்டுரையாளர், அந்த ஒயினுக்காக உழைத்த அடிமைகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதது எனக்கு மிகுந்த வருத்தமளித்தது.

மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், மலபார் ஆகிய இடங்களிலிருந்து மட்டுமல்ல, பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் இதே கம்பெனி கோட்டை கட்டி ஆண்ட நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் மனிதர்கள் கப்பலேற்றப்பட்டு கேப் பகுதியில் விற்கப்பட்டார்கள். கான்ஸ்டன்ஷியாவின் இனிப்பு ஒயினுக்கு மஸ்கட் திராட்சையைக் கொடியிலேயே விட்டு, ஏறக்குறைய உலர்திராட்சையாகச் சுருங்கிய பிறகே பறிக்க வேண்டும். எல்லாப் பழங்களும் ஒரே சமயத்தில் சுருங்குவதில்லை என்பதால் ஒரே கொடிக்குப் பலமுறை திரும்பி வந்து பதமானவற்றை மட்டும் பொறுக்க வேண்டும்; அவ்வளவு பாடுபட்டாலும் கிடைக்கும் சாறு கொஞ்சம்தான். அந்த ஒயினின் விலையில் அடங்கியிருந்தது கூலியில்லாத இந்த உழைப்பே.

தோட்டத்தின் உரிமையாளர்களிலேயே ஒருவர் அடிமைத்தனத்தில் பிறந்தவர். 1724-இல் கணவர் இறந்தபின், அத்தோட்டத்தின் முக்கியப் பகுதியான க்ரூட் கான்ஸ்டன்ஷியாவுக்கு உரிமையாளரான அன்னா டி கோனிங், வங்காளத்திலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஆஞ்சலா என்பவரின் மகள். சிறுவயதில் தாயுடன் விடுதலை பெற்ற அவரே பின்னாளில் அடிமைகளை வைத்திருந்தார் என்பது அந்தக் காலத்தின் கொடுமையை எந்தப் புள்ளிவிவரத்தையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது.

1778-இல் ஹென்ட்ரிக் க்ளூட்டே தோட்டத்தை வாங்கிய பின்னரே அதன் ஒயின் ஐரோப்பிய அரண்மனைகளில் பெரும் புகழ் பெற்றது. 1834-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தபோதும், பயிற்சித் தொழிலாளர் என்ற பெயரில் மேலும் 4 ஆண்டுகள் அந்த அடிமைகள் எஜமானர்களிடமே கட்டுண்டிருந்தனர். பின்னர் நொடித்துப்போன தோட்டத்தை அரசு 1885-இல் வாங்கியது. பக்கத்திலுள்ள க்ளெய்ன் கான்ஸ்டன்ஷியா தோட்டம், 1986 அறுவடையிலிருந்து பழைய பாணி இனிப்பு ஒயினுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது.

கேப்டவுன் நகர நடுவில் கம்பெனியின் அடிமைகள் அடைக்கப்பட்டிருந்த, 1679-இல் கட்டப்பட்ட விடுதி இன்று அருங்காட்சியகமாக உள்ளது. திராட்சைத் தோட்டங்களுக்குச் செல்லும் தமிழ்ப் பயணிகள் அங்கும் செல்லும்படி, அதைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றைத் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், நாகப்பட்டினம்